பூஞ்சை எதிர்ப்பு மருந்துகள்: எது எங்கே தாக்கும், எப்போது கவனிக்க வேண்டும்?

மருந்தியல் பாடத்தில் பூஞ்சை எதிர்ப்பு மருந்துகள் ஒரு நீண்ட பட்டியலாகத்தான் வருகின்றன. பாலியீன், அசோல், எக்கினோகாண்டின், அல்லைலமைன் என்று குடும்பப் பெயர்கள்; ஒவ்வொன்றின் கீழும் பத்துப் பன்னிரண்டு பக்கவிளைவுகள். குமட்டல், தலைவலி, தோல் தடிப்பு ஆகியவை எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருவதால், படிக்கும் மாணவர்களுக்கு எல்லா மருந்தும் ஒன்றுபோலத் தோன்றிவிடுகிறது. தேர்வு முடிந்த மறுநாளே பட்டியல் மறந்தும் போகிறது.

மருந்தைத் தேர்ந்தெடுப்பவர் மருத்துவர். ஆனால் அது நோயாளியின் உடலுக்குள் போகும் நேரத்தில் அருகில் நிற்பவர் செவிலியர். ஆகவே செவிலிய மாணவர் இந்த மருந்துகளை ஒப்பிடும்போது இரண்டு கேள்விகளை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும் என்பது என் உறுதியான கருத்து. மருந்து பூஞ்சையின் எந்தப் பகுதியைத் தாக்குகிறது? அதன் தீங்கு முதல் ஒரு மணி நேரத்தில் தெரியுமா, முதல் வாரத்தில் தெரியுமா, மாதங்கள் கழித்துத் தெரியுமா? முதல் கேள்விக்கு விடை தெரிந்தால், பக்கவிளைவுகளில் முக்கியமானவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை, ஊகித்துவிடலாம்.

பாக்டீரியாவைக் கொல்வதைவிடப் பூஞ்சையைக் கொல்வது ஏன் கடினம் என்பதிலிருந்து தொடங்குவோம். பாக்டீரியாவின் செல் நம்முடையதிலிருந்து வெகுவாக வேறுபட்டது. பூஞ்சையின் செல்லோ நம் செல்லுக்கு நெருங்கிய உறவு. உட்கரு, செல் சவ்வு, புரதம் தயாரிக்கும் அமைப்பு எல்லாம் ஏறத்தாழ ஒரே வகை. வேறுபாடு என்று சொல்லத்தக்கவை சிலவே. நம் செல் சவ்வில் கொலஸ்டிரால் இருக்கும் இடத்தில் பூஞ்சைக்கு எர்கோஸ்டிரால் இருக்கிறது. சவ்வுக்கு வெளியே குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலியால் ஆன சுவர் ஒன்று பூஞ்சைக்கு உண்டு, நமக்கு இல்லை. பெரும்பாலான பூஞ்சை எதிர்ப்பு மருந்துகள் இந்தச் சில இடங்களைத்தான் குறிவைக்கின்றன. குறி நம் செல்லிலும் இருப்பதைப் போன்றது என்றால் நச்சுத்தன்மை கூடும். நமக்கு இல்லாத ஒன்று என்றால் குறையும். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

ஆம்ஃபோடெரிசின் பி: வீரியம் அதிகம், தீங்கும் அதிகம்

பாலியீன் குடும்பத்தைச் சேர்ந்த இது நேரடியாக எர்கோஸ்டிராலில் ஒட்டிக்கொண்டு சவ்வைச் சிதைக்கிறது. கொலஸ்டிராலும் எர்கோஸ்டிராலும் அமைப்பில் ஒத்தவை என்பதால் நம் செல்களும் அடி வாங்குகின்றன, குறிப்பாகச் சிறுநீரகச் செல்கள். 1950களிலிருந்து பயன்பாட்டில் இருக்கும் இந்த மருந்து இன்றும் கைவிடப்படாததற்குக் காரணம், அது தாக்கும் பூஞ்சைகளின் வரிசை மிகப் பெரியது என்பதுதான். கருப்புப் பூஞ்சை என்று பேச்சில் வழங்கும் மியூகார்மைகோசிஸ், கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையால் வரும் மூளையுறை அழற்சி போன்றவற்றில் இதுவே முன்னணி மருந்து.

இதன் தீங்கு இரண்டு கட்டங்களாக வருகிறது. முதல் கட்டம் மருந்து ஏறும்போதே தொடங்கும். டிரிப் தொடங்கி 1 முதல் 3 மணி நேரத்துக்குள் காய்ச்சல், கட்டில் அதிரும் அளவுக்குக் குளிர்நடுக்கம், தலைவலி, வாந்தி, சில நேரம் இரத்த அழுத்த வீழ்ச்சி ஏற்படலாம். பாராசிட்டமால், டைபென்ஹைட்ரமின், சில சமயம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஆகியவற்றை முன்கூட்டியே தரச் சொல்வது இதற்காகத்தான். கடும் நடுக்கத்துக்குப் பெத்திடின் என்ற வலிநீக்கி பயன்படும். முதல் சில டோஸ்களில் மிகக் கடுமையாக இருக்கும் இந்த எதிர்வினை பின்னர் தணிந்துவரும். இதை நோயாளியிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். காரணம் தெரியாமல் நடுங்கும் நோயாளிக்கு வரும் பயம், நடுக்கத்தைவிடக் கொடியது.

இரண்டாம் கட்டம் சத்தமில்லாமல் வருகிறது. சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் நுண்தமனிகள் சுருங்குகின்றன. சிறுநீரக நுண்குழல்கள் சேதமடைகின்றன. சிறுநீரகம் கழித்து வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் இரத்தத்தில் ஏறும், பொட்டாசியமும் மெக்னீசியமும் சிறுநீரில் வெளியேறி இரத்தத்தில் இறங்கும். நாள்கள் செல்லச் செல்ல இரத்தசோகையும் சேரலாம். மருந்துக்கு முன் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை நார்மல் சலைன் ஏற்றுவது சிறுநீரகத்தைக் காக்கும் எளிய வழி. இதய பலவீனம் உள்ளவருக்கு அந்தத் திரவமே சுமையாகலாம் என்பதால் மருத்துவரின் உத்தரவு தேவை. தினசரி எடை, உள்ளே போன திரவமும் வெளியேறிய சிறுநீரும் எவ்வளவு என்ற கணக்கு, கிரியாட்டினின், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை ஒரே தாளில் அடுத்தடுத்து இருந்தால் சரிவு கண்ணில் படும். தனித்தனித் தாள்களில் கிடந்தால் படாது.

இங்கே மாணவர் கட்டாயம் மனத்தில் பதிக்க வேண்டிய செய்தி: மருந்தைக் கலக்க 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) மட்டுமே. சலைனில் கலந்தால் மருந்து படிந்துவிடும். சிறுநீரகத்தைக் காக்கச் சலைன் ஏற்றிய அதே குழாயில் மருந்தைத் தொடங்கும் முன் டெக்ஸ்ட்ரோஸால் கழுவ வேண்டும். முடிந்த பிறகும் அப்படியே. சலைன் நோயாளிக்கு நல்லது, மருந்துக்கு ஆகாது என்ற இந்த முரண்தான் தவறுகளுக்கு வழி திறக்கிறது.

பழைய வடிவமா, லிப்போசோமா?

ஆம்ஃபோடெரிசினுக்குள்ளேயே ஒரு தேர்வு இருக்கிறது. டிஆக்சிகோலேட் சேர்ந்த பழைய வடிவம் ஒன்று. கொழுப்புக் குமிழுக்குள் பொதிந்த லிப்போசோம் வடிவம் மற்றொன்று. லிப்போசோம் வடிவத்தில் சிறுநீரகப் பாதிப்பும் குளிர்நடுக்கமும் தெளிவாகக் குறைவு. கிடைக்கும் இடத்தில் அதைத் தேர்ந்தெடுப்பதற்கு எதிராகச் சொல்ல மருத்துவக் காரணம் அதிகமில்லை, செலவுதான் தடை.

ஆனால் லிப்போசோமுக்கும் தனக்கே உரிய எதிர்வினை உண்டு. டிரிப் தொடங்கிய முதல் ஐந்து நிமிடங்களில் மார்பு வலி, மூச்சுத்திணறல், விலா அல்லது முதுகுப் பக்க வலி, முகம் சிவத்தல் ஆகியவை வரலாம். பழைய வடிவத்தின் நடுக்கம் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிவந்து பார்த்தாலும் பிடிபடலாம். இதற்கு முதல் நிமிடங்களிலேயே படுக்கை அருகில் இருக்க வேண்டும். இப்படி நேர்ந்தால் முதலில் டிரிப்பை நிறுத்தி உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

இரண்டையும் ஒப்பிடும்போது உயிரைக் காப்பது ஓர் எண் வேறுபாடு. பழைய வடிவத்தின் டோஸ் பொதுவாக ஒரு கிலோ எடைக்கு 0.5 முதல் 1 மி.கி.; ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 1.5 மி.கி.-ஐத் தாண்டவே கூடாது. லிப்போசோமின் வழக்கமான டோஸ் கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி. லிப்போசோமுக்கு எழுதிய டோஸைப் பழைய வடிவத்தில் கொடுத்தால் இதயம் நின்றுபோகலாம். உத்தரவுத் தாளில் ‘ஆம்ஃபோடெரிசின்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த உத்தரவு முழுமையற்றது. வடிவத்தின் பெயரைக் கேட்டு எழுதச் செய்யாமல் குப்பியைத் திறக்கக் கூடாது. இதைக் கேட்கும் மாணவரை யாரும் கடிந்துகொள்ளக் கூடாது. கடிந்துகொண்டாலும் கேட்கத்தான் வேண்டும்.

எக்கினோகாண்டின்: பாதுகாப்பானது, ஆனால் எல்லா இடத்துக்கும் போகாது

காஸ்போஃபஞ்சின், மைக்காஃபஞ்சின், அனிடுலாஃபஞ்சின் மூன்றும் பூஞ்சையின் குளுக்கான் சுவர் உருவாவதைத் தடுக்கின்றன. நமக்கு அந்தச் சுவரே இல்லாததால் பக்கவிளைவுகள் பொதுவாகக் குறைவு. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்கும் டோஸைக் குறைக்கத் தேவையில்லை. இரத்தத்தில் கேண்டிடா என்ற பூஞ்சை பரவிய நோயாளிக்கு இன்று பெரும்பாலும் முதலில் இதைத் தொடங்குகிறார்கள். 2009-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டு, பல மருந்துகளுக்கு அடங்காமல் மருத்துவமனைகளை அச்சுறுத்தும் கேண்டிடா ஆரிஸுக்கும் முதல் தேர்வு இதுவே.

அப்படியானால் ஆம்ஃபோடெரிசினை ஏன் தூக்கி எறியவில்லை? மாணவர்கள் கேட்க வேண்டிய நல்ல கேள்வி இது. எக்கினோகாண்டின் மூளைத் தண்டுவட நீர், கண், சிறுநீர் ஆகியவற்றுக்குள் போதிய அளவில் போவதில்லை. கிரிப்டோகாக்கஸையும் மியூகார் வகைப் பூஞ்சைகளையும் அது கட்டுப்படுத்தாது. மாத்திரையாகவும் கிடைக்காது. இரத்தத்தில் கேண்டிடா வந்த நோயாளி ‘கண் மங்கலாகத் தெரிகிறது’ என்று சொன்னால், அது மருந்தின் விளைவு அல்ல, தொற்று கண்ணுக்குப் பரவியதன் அடையாளமாக இருக்கலாம். இந்த மருந்தோ அங்கே எட்டாது. அந்த ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் உடனே சேர்ப்பது சிகிச்சையையே மாற்றக்கூடும்.

கவனிக்க வேண்டியவை குறைவுதான். வேகமாக ஏற்றினால் ஹிஸ்டமின் வெளிப்பட்டு முகம் சிவத்தல், அரிப்பு, தடிப்பு வரலாம். காஸ்போஃபஞ்சினைச் சுமார் ஒரு மணி நேரத்துக்கு மெதுவாக ஏற்றுவது அதனால்தான். வாரக்கணக்கில் தொடரும்போது கல்லீரல் நொதிகளைப் பார்க்க வேண்டும். கல்லீரல் மிதமாகப் பாதிக்கப்பட்டவருக்குக் காஸ்போஃபஞ்சின் டோஸ் குறையும்.

கலக்கும் திரவத்தில் மீண்டும் ஒரு பொறி. காஸ்போஃபஞ்சினை டெக்ஸ்ட்ரோஸில் கலக்கவே கூடாது. சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட் வேண்டும். ஆம்ஃபோடெரிசினுக்கு நேர் எதிர். ஒரே வார்டில் இரண்டு மருந்தும் ஓடும் நாளில் இது கை தவறக்கூடிய இடம். மருந்து வண்டியில் ஒட்டிவைக்க எனக்கு ஒரே ஒரு வரிதான் இடம் தந்தால், இதைத்தான் எழுதுவேன்.

அசோல்கள்: சாதாரண மாத்திரை என்ற நினைப்பே ஆபத்து

எர்கோஸ்டிரால் தயாராகும் வழியில் ஒரு நொதியை அசோல்கள் தடுக்கின்றன. அந்த நொதி சைட்டோகுரோம் பி450 குடும்பத்தைச் சேர்ந்தது. நம் கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளும் அதே குடும்பம். ஆகவே அசோலின் பெரிய தீங்கு பெரும்பாலும் அசோலால் நேரடியாக வருவதில்லை. கூடவே போகும் வேறொரு மருந்தின் அளவை ஏற்றிவிடுவதால் வருகிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு, இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் ஏறி இரத்தக்கசிவு. சல்ஃபோனைல்யூரியா வகைச் சர்க்கரை மாத்திரை எடுக்கும் நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை வீழ்ச்சி. கொலஸ்டிராலைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் எடுப்பவருக்குத் தசைச் சிதைவு. வலிப்பு மருந்தான ஃபெனிடோயின் எடுப்பவருக்குத் தள்ளாட்டம். உறுப்பு மாற்றம் செய்துகொண்டவருக்கு வோரிகோனசோல் தொடங்கும்போது, உடல் அந்த உறுப்பை நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் டோஸை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டியிருக்கும். அசோல் தொடங்கும் நாளில் செவிலியர் செய்யும் மிகப் பயனுள்ள வேலை, நோயாளி எடுக்கும் எல்லா மருந்துகளையும், வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகள் உட்பட, ஒரு தாளில் எழுதுவதே.

ஃபுளூகோனசோல் இவற்றில் மிகப் பழக்கமானது. வாய்வழி எடுத்தாலும் 90 சதவீதத்துக்கு மேல் உடலில் சேர்கிறது. சிறுநீரிலும் மூளைத் தண்டுவட நீரிலும் நன்றாகச் சேர்கிறது. சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் சிறுநீரகப் பாதிப்பில் டோஸ் குறையும். கேண்டிடா குருசே இதற்குப் பிறவியிலேயே கட்டுப்படாது. கேண்டிடா கிளாப்ரேட்டாவும் பல நேரம் அடங்காது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் நாளுக்கு 400 முதல் 800 மி.கி. வரையான உயர் டோஸைத் தொடர்ந்து எடுத்தவர்களின் குழந்தைகளில் பிறவிக் குறைபாடுகள் பதிவாகியுள்ளன. கர்ப்பமா என்ற கேள்வியை வெட்கப்படாமல் கேட்க வேண்டும்.

ஃபுளூகோனசோல் கியூடி இடைவெளியை, அதாவது இசிஜியில் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் சுருங்கி மீளும் நேரத்தை, நீட்டிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆம்ஃபோடெரிசினில் இருந்து உடல் தேறிய நோயாளியை ஃபுளூகோனசோல் மாத்திரைக்கு மாற்றும் நாள் எல்லோருக்கும் நிம்மதியான நாள். ஆனால் முந்தைய மருந்து விட்டுச்சென்ற பொட்டாசியக் குறைவும் மெக்னீசியக் குறைவும் உடலில் இன்னும் இருக்கலாம். வாந்திக்கு ஆண்டான்செட்ரானும் ஓடிக்கொண்டிருக்கலாம். மூன்றும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயம் உண்டு. மாற்றும் நாளில் பொட்டாசிய அறிக்கையும் இசிஜியும் பார்த்தாயிற்றா என்று கேட்பவர் செவிலியராக இருக்கலாம். பல நேரங்களில் அவர்தான் கேட்க வேண்டியிருக்கும்.

வோரிகோனசோல் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் தொற்றுக்கு முதன்மையான மருந்து. 2002-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் ஆம்ஃபோடெரிசினைவிட இதில் பலனும் உயிர் பிழைத்தவர் எண்ணிக்கையும் கூடுதலாக இருந்தன. அதன் அடையாளமான பக்கவிளைவு பார்வை மாற்றம். மருந்து எடுத்த அரை மணி நேரத்தில் வெளிச்சம் கூசும், நிறங்கள் மாறித் தெரியும், காட்சி மங்கும். பெரும்பாலும் தானே சரியாகும். முன்பே சொல்லியிருந்தால் நோயாளி பதறமாட்டார். இரவில் வாகனம் ஓட்டக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாத உருவங்களைப் பார்ப்பது, குழப்பமாகப் பேசுவது ஆகியவை வேறு. மருந்தின் அளவு இரத்தத்தில் கூடிவிட்டதன் அறிகுறியாக அவை இருக்கலாம். அடுத்த டோஸுக்கு முன் எடுக்கும் இரத்தத்தில் இதன் அளவு மில்லிலிட்டருக்கு 1 முதல் 5.5 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும். ஒருவருக்குச் சரியான டோஸ் மற்றவருக்கு நஞ்சாகும் அளவுக்கு மரபணு வேறுபாடு இதன் சிதைவைப் பாதிக்கிறது. மாதக்கணக்கில் எடுப்பவர் வெயிலைத் தவிர்க்க வேண்டும். தோல் புண்படுவதோடு, நீண்ட காலத்தில் தோல் புற்றுநோய் அபாயமும் கூடுகிறது. மாத்திரையை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ எடுக்க வேண்டும். மியூகார் வகைகளை இது கட்டுப்படுத்தாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மியூகாருக்கு எதிராக அசோல் வேண்டுமென்றால் போசகோனசோல் அல்லது இசவுகோனசோல். போசகோனசோலில் இரத்த அழுத்தம் ஏறிப் பொட்டாசியம் இறங்குவதைக் கவனிக்க வேண்டும். இசவுகோனசோல் மற்ற அசோல்களுக்கு மாறாகக் கியூடி இடைவெளியைக் குறைக்கிறது. கியூடி நீண்டிருக்கும் நோயாளிக்கு இது பொருத்தமாவது அதனால்தான். பரம்பரையாகவே அந்த இடைவெளி குறுகியவருக்கு மட்டும் கூடாது.

இட்ராகோனசோலில் இதயத்தைப் பாருங்கள். அது இதயத் தசையின் சுருங்கும் வலிமையைக் குறைக்கக்கூடியது. கால் வீக்கம், திடீர் எடை ஏற்றம், படுத்தால் மூச்சு வாங்குதல் ஆகியவை எச்சரிக்கை மணி. இதன் கேப்சூலை உணவோடு எடுக்க வேண்டும். திரவ வடிவத்தை வெறும் வயிற்றில். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் கேப்சூல் உடலில் சேர்வதைக் கெடுக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றும்போது அது எப்படி விழுங்கப்படுகிறது என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

வாய்வழிக் கீட்டோகோனசோலைப் பற்றி ஒரு வரி போதும். கடும் கல்லீரல் பாதிப்பாலும் அட்ரீனல் சுரப்பியை அடக்குவதாலும் 2013-இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதன் பயன்பாட்டுக்குக் கடிவாளம் போட்டன.

ஃபுளூசைட்டோசின்: தனியே வராத துணை

கிரிப்டோகாக்கஸ் மூளையுறை அழற்சியில் ஆம்ஃபோடெரிசினுக்குத் துணையாக இது சேர்கிறது. எலும்பு மஜ்ஜையை ஒடுக்குவது இதன் முக்கியத் தீங்கு. இது சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. ஆம்ஃபோடெரிசின் அந்தச் சிறுநீரகத்தையே கெடுக்கிறது. ஆகவே கிரியாட்டினின் ஏறும்போது வெள்ளணுக்களும் தட்டணுக்களும் இறங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். எச்ஐவி உள்ளவர்களுக்கு லிப்போசோம் ஆம்ஃபோடெரிசினைக் கிலோவுக்கு 10 மி.கி. என ஒரே ஒரு முறை கொடுத்து, 14 நாள் ஃபுளூசைட்டோசினும் ஃபுளூகோனசோலும் தொடரும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. தினமும் டிரிப் ஏற்றும் முறைக்கு இது பலனில் சளைக்கவில்லை, பக்கவிளைவுகளும் குறைந்தன.

நகத்திலும் வாயிலும்

நகப் பூஞ்சைக்கு அல்லைலமைன் குடும்பத்து டெர்பினஃபின், இட்ராகோனசோல், கிரிசியோஃபல்வின் மூன்றும் முன்னே இருந்தால், கல்லீரல் நன்றாக உள்ளவருக்கு டெர்பினஃபின்தான் என்று தயங்காமல் சொல்வேன். நாளுக்கு 250 மி.கி., கைவிரலுக்கு 6 வாரம், கால்விரலுக்கு 12 வாரம். தொடங்கும் முன் கல்லீரல் பரிசோதனை வேண்டும். நாவின் சுவை மங்கிப்போவது இதன் தனி அடையாளம். நிறுத்தினாலும் சில சமயம் வாரங்கள், மாதங்கள் நீடிக்கும். இதய பலவீனம் உள்ளவருக்கு நகத்துக்காக இட்ராகோனசோல் கொடுப்பது தகாது. கிரிசியோஃபல்வின் கொழுப்புள்ள உணவோடு எடுக்க வேண்டியது, கருத்தடை மாத்திரையின் வலிமையைக் குறைக்கும், கருவைப் பாதிக்கும். எடுத்து முடித்து ஆறு மாதம் வரை ஆண்களும் குழந்தைப் பேற்றைத் தள்ளிப்போட வேண்டும். ஆண்களிடம் இதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

வாய்ப்புண்ணாக வரும் கேண்டிடாவுக்கு நிஸ்டாடின் திரவம் போதுமா, ஃபுளூகோனசோல் மாத்திரை வேண்டுமா என்பது வார்டில் அடிக்கடி எழும் கேள்வி. நிஸ்டாடின் குடலில் ஏறக்குறைய உறிஞ்சப்படுவதே இல்லை. அதனால் மற்ற மருந்துகளோடு மோதாது. ஆனால் பலன் கிடைப்பது நோயாளி அதை வாயில் எவ்வளவு நேரம் சுழற்றி வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. பொய்ப்பற்களைக் கழற்றிவிட்டு நாளுக்கு நான்கு முறை கொடுக்க வேண்டும். பொய்ப்பற்களையும் தனியே சுத்தம் செய்ய வேண்டும். தொற்று உணவுக்குழாய்க்கு இறங்கி விழுங்கும்போது வலித்தால் நிஸ்டாடின் போதாது, ஃபுளூகோனசோல் தேவை.

வார்ஃபரின் எடுக்கும் முதியவருக்கு வாயில் வெள்ளைப் படலம் என்றால் ஃபுளூகோனசோலைத் தவிர்க்கப் பலரும் மைக்கோனசோல் ஜெல்லுக்குத் தாவுகிறார்கள். பூசும் மருந்துதானே என்ற எண்ணம். அந்த ஜெல் விழுங்கப்படுகிறது, உறிஞ்சப்படுகிறது, அதுவும் அசோல்தான். ஐஎன்ஆர் ஏறிக் கடும் இரத்தக்கசிவு ஏற்பட்டதுண்டு. அவருக்கு நிஸ்டாடின் கேளுங்கள். ஜெல் ஏற்கெனவே தொடங்கியிருந்தால் மருத்துவரிடம் சொல்லி அன்றே ஐஎன்ஆர் பார்க்கச் செய்யுங்கள். ஈறில் கசிவு, சிறுநீரின் நிறம், தோலில் புதிய கன்றல்கள் ஆகியவற்றை ஒவ்வொரு பணிமாற்றத்திலும் பாருங்கள்.